கோல்காரி

ஸ்டெயின்வோர் வழுக்கி விழுந்தது
"பாதைகளில் உறைபனி இராது" என்று
அவளே எழுதித் தந்த காலையில்.
ரெய்க்யவிக் வானிலை அலுவலகத்து வாசல்,
மூன்றாவது படி.
கணுக்கால் எலும்பில் மயிரிழை விரிசல்.
தூக்கிவிட்டவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.
ஒருவர் அடக்கவில்லை.

இப்போது இரவுப் பணிக்குத்
தடியோடு வருகிறாள்.
அலுமினியத் தடி; உயரம் கூட்டிக் குறைக்க
ஒன்பது துளைகள்.

அவள் எழுதவேண்டியதன் பெயர் ஸ்பௌ.
நாளைய காற்றுக்கும் அதுதான் சொல்,
கோப்பையடியில் காப்பி மண்டியைப் பார்த்துக்
கலியாணம் எப்போது என்று சொல்வதற்கும் அதுதான்.
வேரைத் தோண்டினால் வெறும் 'பார்.'
பார்ப்பது மட்டும்தான் முதலில் இருந்ததாம்;
முன்கூட்டி என்பது
பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாம்.

பார்க்கிறாள்.
கிரீன்லாந்துக்குத் தெற்கே ஒரு தாழ்வழுத்தம்,
மத்தை எடுத்த பின்னும் சுழல்கிற மோர்.

திரைக்குப் பின்னால் முனகும் பெட்டிக்கு
அந்த நாட்டில் தோல்வா என்று பெயர்.
நம் காதில் தோல்வி என்று விழும். இல்லை.
கடன்சொல் வேண்டாமென்று அடம்பிடித்தவர்கள்
வீட்டுக்குள்ளேயே தேடினார்கள்.
தாலா கிடைத்தது: எண்.
(பேசு என்றாலும் தாலாதான்.
நம் எண் மட்டும் சும்மா இருக்கிறதா,
எண்ணவும் செய்கிறதே.)
அப்புறம் வோல்வா:
பழங்காலத்துக் குறிகாரி,
பண்ணை பண்ணையாய்ப் பனியில் நடந்துபோய்
உயர்ந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து
வருகிற குளிர்காலம் யாரைத் தின்னும் என்று சொன்னவள்.
இரண்டையும் பிசைந்தார்கள்.
எண்களின் குறிகாரி.
கணி வயிற்றில் பிறந்த கணினியை
மேசைமேல் வைத்திருக்கும் நாம்
இதற்கு வாய்பிளக்கக் கூடாது.

அந்த வோல்வாவையும் உரித்துப் பார்த்தால்
உள்ளே தீர்க்கதரிசனம் ஒன்றும் இல்லை.
வோலுர். தடி.
தடி வைத்திருப்பவள், அவ்வளவே.
தூரத்தில் வரும்போது ஊர் கண்டது அதைத்தான்;
அவள் கண்டதை எவன் கண்டான்?

நாலே கால் மணிக்குத் தொலைபேசி.
போலுங்கார்விக் துறையிலிருந்து ஓர்நோல்வுர்,
இரண்டு பேர் ஏறும் படகுக்குச் சொந்தக்காரர்.
"எண்ணெல்லாம் பார்த்துவிட்டேன், பெண்ணே.
நண்பகல் வரை வினாடிக்கு எட்டு மீட்டர்,
அப்புறம்தான் மோசம்.
அது கிடக்கட்டும்.
நீயாக இருந்தால் போவாயா?"

அந்தக் கேள்விக்கு அவள் படிவத்தில்
கட்டம் இல்லை.
தடியைத் தரையில் ஒருமுறை ஊன்றினாள்,
எழுந்திருக்கத்தான்.
ஜன்னலில் இருட்டு.
இருட்டில் அவள் முகம்,
முகத்துக்குப் பின்னால் காப்பி இயந்திரத்தின் சிவப்புப் பொட்டு.
"போவேன்" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"ஆனால் எனக்குப் படகு இல்லையே."

காற்று பத்தரைக்கே வந்துவிட்டது.
பதினெட்டு மீட்டர், பொழிவும் சேர்ந்து.
இரண்டு படகுகள்
பாதிவழியில் தூண்டிற்கயிற்றை அறுத்துவிட்டுத் திரும்பின.

மாலையில் மறுபடி மணி.
"உன் ஸ்பௌவுக்கு நன்றி" என்றார் ஓர்நோல்வுர்.
"என் ஸ்பௌ பிழைத்துப்போனதே."
"அது இல்லை.
படகு இல்லை என்றாயே,
துறைவரை போயும்
அந்தச் சொல் காதைவிட்டுப் போகவில்லை.
கட்டின கயிற்றை அவிழ்க்காமல் வீட்டுக்கு வந்தேன்."

விரிச்சி என்று நம்மிடம் ஒன்று உண்டு:
வேறெதற்கோ சொன்ன சொல் வழியில் குறுக்கிட
அதையே குறியாகக் கொள்வது.
ஸ்டெயின்வோருக்கு அது தெரியாது.
நக்கலுக்குச் சொன்னது, என்று
அவரிடம் சொல்லவும் இல்லை.

பிழைப் பதிவேட்டைத் திறந்தாள்.
தென்கிழக்குக் காற்று, எதிர்பார்த்தது நண்பகல்,
வந்தது பத்து முப்பது,
வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்.
காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

பிறகு, தோள் வலிக்கிறதென்று,
தடியை ஒரு துளை
கீழே இறக்கிக்கொண்டாள்.